கெண்டியின் மூக்கருகே

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் விறைத்த பாதத்தில் துணிச்செருப்பை நுழைத்துக்கொண்டிருந்தாள் பெக்லியான். வாசலில் அரசாங்கச் சேவகன் ஹோவின் குரல் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"உப்பு சுமக்கிறவன் சாவுக்கு இத்தனை பேரா! எல்லாரும் சொந்தமா?"

"கூட வேலை பார்த்தவங்க ஐயா," என்றான் அவள் அண்ணன் ஹிங்.

அது பொய்யில்லை. ஊரையும் குலத்தையும் விட்டு மலைப்பாதையில் உப்பு சுமக்க வந்தவன் செத்தால் தூக்க ஆள் கிடையாது. அடித்தால் கேட்க நாதி கிடையாது. அதனால் சேவல் ரத்தம் கலந்த சாராயத்தைக் குடித்து, வானம் அப்பன், பூமி ஆத்தாள் என்று சொல்லி, இவர்கள் சகோதரர்களானார்கள். தற்காத்துக்கொள்ளச் சேர்ந்த கூட்டம் பிறகு சந்தைக் கடைக்காரர்களை மிரட்டிப் பணம் பிடுங்கவும் பழகிக்கொண்டது. அரசாங்கம் கண்டுபிடித்தால் தலை போகும். போன குளிர்காலத்தில் ஹிங்கும் அந்தச் சாராயத்தைக் குடித்திருந்தான்.

ஹோ பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கோப்பையில் தேநீரை நிறைத்தான். அதைக் கெண்டியின் மூக்கோடு ஒட்டி வைத்தான்.

"களைச்சுப் போயிருப்பீங்க. யாராவது முதல்ல குடிங்க."

பெக்லியான் செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். அப்படி வைத்தால் அது ஒரு கேள்வி. கூட்டத்து ஆள் அந்தத் தேநீரைக் கெண்டியில் திருப்பி ஊற்றிவிட்டு, புதிதாக ஊற்றிக் குடிப்பான். வெளியாள் அப்படியே குடித்துவிடுவான். யாரை அடித்துக் கேட்டானோ, ஹோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். அப்படியே குடித்தால் அவனிடமிருந்து தப்பலாம். ஆனால் அது 'நான் உங்களில் ஒருவன் இல்லை' என்ற பதில். சகோதரனின் சவப்பெட்டி முன்னால் அதைச் சொன்னவனைக் கூட்டம் விடாது.

யாரும் அசையவில்லை.

"விஷமா வச்சிருக்கேன்?" ஹோ சிரித்தான். "ஹிங், உங்க வீட்டுத் தேயிலைதானே. நீ குடி."

ஹிங் வலது கையால் கோப்பையை எடுத்தான். இடது கை தானாகவே கெண்டியின் மூடியை நோக்கிப் போனது.

பெக்லியான் பாய்ந்து வந்து கோப்பையைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு வெந்தது.

"அடிப் பாவி!" பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். "அப்பனை இன்னும் மண்ணுல வைக்கல, அதுக்குள்ள உனக்குத் தேத்தண்ணி கேக்குதா?"

"அழுது அழுது தொண்டை வறண்டு போச்சு அத்தை." கெண்டியையும் தூக்கிக்கொண்டாள். "ஆறிப்போச்சு ஐயா. வேற போட்டு வர்றேன்."

தெருவே எட்டிப் பார்த்தது. நல்ல நேரம் தப்புகிறது, பெட்டியைத் தூக்குங்கள் என்று சடங்கு செய்ய வந்த துறவி அவசரப்படுத்தினார். ஹோ காறித் துப்பிவிட்டு எழுந்தான்.

"வெட்கம் கெட்ட குடும்பம்," என்று சொல்லிக்கொண்டே போனான்.

அடுப்படிக்கு சாய் வந்தான். அப்பாவின் நெடுநாள் கூட்டாளி. இந்தக் கூட்டத்துக்குத் தலைவன். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன்.

"நல்ல காரியம் பண்ணின தாயி."

அவள் அடுப்பையே பார்த்தாள்.

"அந்தக் கோப்பையைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?"

"எதைப் பத்தி சித்தப்பா? எனக்குத் தாகம்."

"உங்க அப்பா சொன்னாரா?"

"அப்பா ஒண்ணும் சொல்லல. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல."

அதுவும் பொய்யில்லை. சிறு வயதிலிருந்தே பலகைச் சுவரின் இடுக்கு வழியாகக் கூட்டத்தின் சடங்குகளைப் பார்த்தவள் அவள். ரகசியத்தை வீட்டுப் பெண்ணிடம் சொன்னவனுக்கும், தெரிந்துகொண்டவளுக்கும் ஒரே தண்டனை, சாவுதான் என்பதையும் அந்த இடுக்கு வழியாகத்தான் கேட்டிருந்தாள்.

"தாகம்," என்றான் சாய். "சரி."

பெட்டியைத் தூக்கும்போது முன்கழி சாயின் இடம். அவன் அதை ஹிங்கின் தோளில் வைத்துவிட்டான். "முதுகு வலிக்குது. நீ பிடிடா," என்று வைக்கோல் செருப்பு சரசரக்கப் பின்னால் ஒதுங்கினான்.

ஊர்ப் பெண்கள் வழக்கப்படி பாலத்தோடு நின்றுவிட்டார்கள். மகள் மட்டும் இடுகாட்டுக்கு மலை ஏற வேண்டும். மூங்கில் புதர்கள் இருபுறமும் நெருங்கின. பெட்டி வளைவில் திரும்பி மறைந்தது. பெக்லியான் துக்கத்துக்கு உடுத்திய சணல் அங்கியைச் சரிசெய்வதுபோல நின்றாள். பின்னால் வைக்கோல் செருப்பின் ஓசையும் நின்றது. அவள் திரும்பாமல் நடந்தாள். அதுவும் நடந்தது.