வாயை மூடத் தெரியாத ஷார்ட்ஸ்டாப்

"யோவ், முதல் பேஸ்ல நின்னா என்ன கொறஞ்சு போயிடும்?" என்று புருஷனிடம் கேட்டாள் மிலேடி.

ரதாமெஸ் மசித்த வாழைக்காயை வாயில் வைத்துக்கொண்டே பதில் சொன்னான். "முதல் பேஸா? முட்டி போனவனையும் தொப்பை போட்டவனையும் நிறுத்தற இடம்டி அது. பேசாம ஒரு மரத்த நட்டுடலாம்."

"உனக்கு முட்டியும் போயாச்சு, தொப்பையும் வந்தாச்சு."

"ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கிட்டு ஷார்ட்ஸ்டாப் ஆடற ஒரே ஆள் நான்தான். அந்தப் பெருமைய விடச் சொல்றியா?"

பேஸ்பாலே மூச்சாக இருக்கிற சான் பெத்ரோவில் பிறந்தவனுக்கு ஷார்ட்ஸ்டாப் என்பது வெறும் இடமில்லை, சாதி மாதிரி. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று வருகிற பந்தையெல்லாம் வாரிப் போடுகிறவன். ரதாமெஸ் அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர் அணிகளுக்கு ஆடி, ஒரே ஒரு கோடைக்குப் பெரிய லீக் வரைக்கும் போய் வந்தவன். அங்கே அவனிடம் வந்த முதல் பந்தை எடுத்து வீசினான். அது முதல் பேஸ்காரன் தலைக்கு மேலே பறந்து, வேடிக்கை பார்க்க வந்த ஒரு பாட்டியம்மாவின் குளிர்பானத்துக்குள் இறங்கியது. "குறி தப்பலையே, கிளாஸுக்குள்ளதானே போட்டேன்" என்று முடிவெட்டும் கடையில் அவனே சொல்லிச் சிரிப்பான்.

இப்போது ஊரில் பனிக்கால லீக். அணியின் மேனேஜர் சிப்ரியானோ, எல்லோரும் மரியாதையாக 'டான்' என்று கூப்பிடுகிறவர், முந்தின நாள்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "டேய், நாளைக்கு உன்னால ஒரு ரன் போச்சுன்னா, முதல் பேஸுக்குப் போயிடணும். மூக்கால அழக்கூடாது."

சாயங்கால ஆட்டம். எட்டாவது சுற்றில் இவர்கள் ஒரு ரன் முன்னால். எதிரணிக்காரன் ஒருவன் முதல் பேஸில் நின்று பந்து வீசுகிற சந்தில் ஓடி இரண்டாம் பேஸைத் திருட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஓடினால் இரண்டாம் பேஸுக்குப் போய்ப் பந்தை வாங்க வேண்டியது ரதாமெஸா, பக்கத்தில் ஆடுகிற ஒதாலிஸா? ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அதை முடிவு செய்வது ஷார்ட்ஸ்டாப்தான். கையுறையால் முகத்தை மறைத்து, ஒதாலிஸுக்கு மட்டும் வாயைக் காட்டுவான். மூடியிருந்தால் 'நான் போறேன்'. திறந்திருந்தால் 'நீ போ'. "நீ வாயை மூடறது மைதானத்துல மட்டும்தான், அதுக்காகவே வரேன்" என்பாள் மிலேடி.

அன்றைக்கு, இதற்கு முந்தின பந்தைத் துரத்திக்கொண்டு மூன்றாம் பேஸுக்குப் பின்னால் கம்பிவேலி வரைக்கும் ஓடி, பிடிக்காமல் திரும்பி வந்திருந்தான் ரதாமெஸ். நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி அடித்தது. கையுறையைத் தூக்கி, உதட்டை இறுக்கி மூடினான். 'நான்.' மூடினதென்னவோ மூடினான், மூக்கு மட்டும் எவ்வளவு காற்றை இழுக்கும்? ஒதாலிஸ் திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குச் சரியாக வாய் தானாகத் திறந்துகொண்டது.

பந்து வீசினார்கள். எதிரணிக்காரன் ஓடினான். ரதாமெஸும் ஓடினான், ஒதாலிஸும் ஓடினான். இரண்டாம் பேஸுக்கு மேலே இருவர் மண்டையும் தேங்காய் உடைத்த மாதிரி மோதின. விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்காரனுக்குப் பின்னால் இருந்தவன் அங்கே எறிந்த பந்து, பிடிக்க ஆளில்லாமல் பின்னால் பறந்தது. தூரத்தில் காவல் நின்ற அணிக்காரன் இவர்கள் விழுந்து கிடந்ததையே பார்த்து நின்றதில், அது அவன் காலிடுக்கில் நுழைந்து வேலிக்கு உருண்டது. ஓடினவன் சாவகாசமாகக் கடைசிப் பேஸான 'வீடு' போய்ச் சேர்ந்து ஒரு ரன் எடுத்தான். ஆட்டம் சமம்.

"அண்ணே, 'நீ'ன்னுதானே சொன்னீங்க!"

"'நான்'னுடா சொன்னேன்!"

"வாய் தெறந்திருந்துச்சு!"

"அது மூச்சுடா! வயசானவன் மூச்சு விடறதுக்கும் அர்த்தம் பார்ப்பியா?"

கேலரியிலிருந்து ஒருவன் கத்தினான். "யாராவது தாத்தாவுக்குக் கட்டில் கொண்டாங்கப்பா!"

டான் சிப்ரியானோ நடந்து வந்தார். "யாரு தப்பு?"

ஒதாலிஸ் நல்ல பையன். "நான்தான் டான், சரியாப் பார்க்கல" என்றான்.

ரதாமெஸ் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நாளைக்கும் ஷார்ட்ஸ்டாப்தான். வாயை மூட வேண்டிய நேரத்தில் மூடி அவனுக்குப் பழக்கமில்லையே.

"அவன் கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு டான். வாய்தான் என்னுது. அது இப்ப என் பேச்சக் கேக்கறதில்ல."

டான் மண்ணைக் காலால் கிளறினார். "சரி. போ."

"நாளைக்குத்தானே?"

"இப்பவே போடா."

இளசு ஒருவன் ஓடி வந்து அவன் இடத்தில் நின்றான். வெளியே போன முதல் பேஸ்காரனின் பெரிய கையுறையைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, "இது கையுறையா, வாணலியா?" என்று முனகியபடி ரதாமெஸ் போய் நின்றான். தன் பழைய இடத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த இளசு நன்றாக ஆடுவது தெரிந்துவிடும்.

ஒன்பதாவது சுற்றில் எதிரணியின் நெஃப்தலி முதல் பேஸுக்கு வந்து சேர்ந்தான். ரதாமெஸின் பக்கத்துத் தெருக்காரன்.

"என்ன ரதாமெஸ், இங்க தள்ளிட்டாங்களா?"

"ஆமாப்பா. நிழலு இருக்கும்னு சொன்னாங்க, அதுவும் பொய். அம்மா சௌக்கியமா?"

"சௌக்கியம்." அடுத்த பேஸுக்கு ஓடத் தோதாக நெஃப்தலி பேஸை விட்டு நாலு எட்டு தள்ளி நின்றான்.

"அவங்க ஆட்டுக்கறிக் குழம்பு இன்னும் நாக்குலயே நிக்குது. ஆனா ஒரு குறை. கசப்பு ஆரஞ்சு விடாம எலுமிச்சம்பழத்தப் பிழியறாங்களாமே?"

"எலுமிச்சம்பழமா!" நெஃப்தலி முழுதாகத் திரும்பிவிட்டான். "எங்கம்மாவா? எவன் சொன்னான்? எங்க வீட்டுக் கொல்லையில மரமே..."

பந்து வீசுபவன் முதல் பேஸுக்குத் திருப்பி வீசிய பந்து வாணலிக்குள் 'டப்'பென்று விழுந்தது. பேஸில் கால் இல்லாத நெஃப்தலியின் தோளில் ரதாமெஸ் அதை வைத்தான். "மரம் இருக்கறது தெரியும்பா. நானே அதுல திருடித் தின்னவன்தானே."

"அவுட்!"

பத்தாவது சுற்றில் இவர்கள் ஜெயித்தார்கள். அதில் ரதாமெஸின் பங்கு ஒன்றும் கிடையாது. அடிக்கப் போனவன் மட்டையால் நல்ல காற்று வீசிவிட்டுத் திரும்பினான்.

வெளியே வந்தவனிடம் மிலேடி கேட்டாள். "வருத்தமா?"

"கொஞ்சம். ஷார்ட்ஸ்டாப்புன்னு சொல்லிச் சொல்லியே உன்னக் கட்டினேன். இப்ப என்னன்னு சொல்றது?"

"அன்னிக்கும் நீ பேசினதுக்குத்தான் சரின்னேன். ஆட்டத்த யாரு பார்த்தா?"

ரதாமெஸ் கையுறையைத் தூக்கி முகத்தை மறைத்து, அதற்குப் பின்னால் அவளுக்கு வாயைக் காட்டினான்.

மூடியிருந்தது. 'நான்.'

"நீயே தூக்கிட்டு வா, அப்ப" என்று ஆட்டச் சாமான் பையை அவன் தோளில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.