எழுதாமல் விட்ட வழி

பத்திரம் எழுதும் எஸ்றாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சேரன்மகாதேவி பதிவு அலுவலகத்துக்கு எதிரே முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலிதான். இன்றைக்கு அது முள்ளாகக் குத்தியது.

மேசையில் கிடந்தது முகம்மது சுல்தானின் மூன்று ஏக்கருக்கான கிரயப் பத்திரம். வாங்குவது சூரிய மின்சாரக் கம்பெனி. வாசகத்தைக் கம்பெனி வக்கீலே சென்னையிலிருந்து அனுப்பிவிட்டார். எஸ்றா வாசித்துக் காட்டி, தயாரித்தவர் என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நிலத்துக்குப் பின்னால் சுல்தானின் தங்கை சுபைதா பேகத்தின் தென்னந்தோப்பு. புருஷன் இல்லாதவள், அந்தத் தேங்காயில்தான் அவள் வீட்டு அடுப்பெரிகிறது. கம்பெனி கேட்டும் விற்க மாட்டேன் என்றுவிட்டாள். தோப்புக்குப் போக ஒரே வழி, அண்ணன் நிலத்தின் ஓரமாகப் போகும் வண்டித்தடம். அதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தை இல்லை. கம்பெனி வேலி போட்டுவிட்டால் தேங்காயைக் காக்காய்தான் தூக்கி வர வேண்டும். அப்புறம் கம்பெனி சொன்னதுதான் விலை.

இருபது வருடத்துக்கு முன் அண்ணன் தங்கைக்குப் பாகப்பிரிவினை எழுதியவரும் எஸ்றாதான். வழக்கம்போல் அந்தத் தடத்தில் போய்வர அவளுக்கு உரிமை உண்டு என்பதற்கு, 'மாமூல் வழிநடை பாத்தியம் உண்டு' என்று அன்றைக்கே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்குள் வழிக்கு எதற்கு எழுத்து, எழுதினால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டார். பெரிய நாகரிகக்காரர். அந்த நாகரிகத்தை நினைத்து நினைத்து இப்போது தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு சுல்தான் வந்தார். கூடவே ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் செந்தில்முருகன். கம்பெனிக்கு நிலம் சேர்த்துக் கொடுப்பது அவர். வேலி போடும் காண்ட்ராக்ட் எதிர்க்கட்சிக்காரருக்கு. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். கம்பெனி வாசலில் மட்டும் இரண்டு கொடியும் ஒரே கம்பத்தில் பறக்கும்.

"சட்டுனு வாசியும் வே. பன்னெண்டுக்கு ராகுகாலம்" என்றார் செந்தில்முருகன்.

எஸ்றா வாசித்தார். சுல்தான் பாவம், விவரம் தெரியாமல் ஏமாறுகிறார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான்கு எல்லையையும் வாசித்து முடித்ததும், சுல்தான் காதில் விழட்டும் என்று, தாளில் இல்லாத ஒரு வரியைக் குரலைக்கூட மாற்றாமல் சேர்த்து வாசித்தார். "மேற்படி நிலத்தின் கீழ்ப்புறம் சுபைதா பேகத்துக்கு மாமூல் வழிநடை பாத்தியம் உண்டு."

செந்தில்முருகன் போனை நோண்டிக்கொண்டிருந்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை. சுல்தான்தான் தலையைத் தூக்கினார்.

"அந்த வரி அதுல கிடையாதே அண்ணாச்சி" என்றார் பைய.

எஸ்றா தாளைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"வழி விட்டா விலை கொறையும்னுட்டாங்க. மவனுக்குக் கம்பெனியில வேலையும் சொல்லியிருக்காங்க. அவளும் என்னைக்காவது விக்கத்தானே போறா."

செந்தில்முருகன் போனை வைத்தார். "வே எஸ்றா, லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டாமா உமக்கு?"

"இதுல நான் கையெழுத்துப் போடல" என்று எஸ்றா தாள்களை அவர் பக்கம் தள்ளினார். 

செந்தில்முருகன் சிரித்தபடி எழுந்தார். அடுத்த கடையில் எழுத்தர் இல்லாமலா போய்விட்டார்? பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சுல்தான் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எஸ்றா ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தார். சுல்தான் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

எஸ்றா சுபைதாவுக்குப் போன் போட்டார். வளைத்துப் பேச வாய் வரவில்லை.

"வேலி போட ஆள் வருவாங்கம்மா. வண்டித்தடத்தைப் பாகப்பிரிவினையில எழுதாம விட்டது நான்தான். தாசில்தாருக்கு மனு எழுதுவோம். கோர்ட்டுக்குப் போனாலும் வந்து அதைச் சொல்லுதேன்."

"அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாகளா?"

"போட்டுட்டாரும்மா."

"தெரிஞ்சேவா?"

ஒரு பொய் சொல்லிவிட எஸ்றாவுக்கு ஆசையாக இருந்தது. "தெரிஞ்சேதாம்மா."



"மனுவுல அவுக பேரும் வருமா?"

"வரும்மா. யார் மேலன்னு போடுத இடத்துல மொதப் பேரே அவருதான்."

"எழுதுங்க அண்ணாச்சி. இந்தத் தடவை ஒண்ணையும் விட்டுராதீங்க."