சின்னப்பொண்ணுவின் இரண்டாவது வாக்குமூலம்

கங்கா பதிவு செய்த கேசட்டுகளில் எல்லாரும் சிரித்தார்கள். என்னுடையவற்றில் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

நாங்கள் இருவரும் மொழியியல் துறையில் பேராசிரியர் கோதண்டராமனின் ஆய்வு உதவியாளர்கள். அது 1979. கோர்ட்டில் சாட்சி ஒரு விதமாகச் சொல்வார், குமாஸ்தா அதையே வேறு விதமாக எழுதிக்கொள்வார். பிறகு எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டி, சரிதான் என்று கைநாட்டு வாங்குவார்கள். சொன்னதற்கும் எழுதியதற்கும் நடுவில் என்னென்ன காணாமல் போகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. வழக்கு முடிந்த சாட்சிகளை ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தேடிப்போய், நடந்ததை மறுபடி சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, கோர்ட்டுப் பிரதியோடு ஒப்பிட்டோம்.

அந்த வருடம் பிஎச்.டி.க்கு ஒரே ஒரு இடம். நான் மூன்று வருடமாக அதற்காகக் காத்திருந்தேன். கங்கா வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதே வட்டாரத்துப் பிள்ளைப்பாக்கத்துப் பெண். என்னைவிட ஆறு வயது சிறியவள்.

ஒருநாள் பேராசிரியர் அவளுடைய கேசட் ஒன்றைத் துறை முழுவதற்கும் போட்டுக் காட்டினார். தண்டலத்துச் சின்னப்பொண்ணு, ஏரி மதகை யார் திறந்தது என்று ஆரம்பித்த சண்டையில் தன் கொழுந்தன் மண்டை உடைந்ததைச் சொல்லியிருந்தாள். கோர்ட்டுப் பிரதியில் அது நான்கு வரி. கேசட்டில் அந்த மதகும் தண்ணீரும் ஓடி வந்தவர்களின் மூச்சும் இருந்தன. பிறகு என் கேசட்டைப் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"கனகம், உங்ககிட்டயும் கோர்ட்டுல பேசின மாதிரியேதான் பேசறாங்க. கவனிச்சீங்களா?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக் குறிப்பு மாதிரிதான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை. வேலையில் குறை என்றால் திருத்திக்கொள்ளலாம். என்னைப் பார்த்ததும் ஒருத்தி முதுகை நிமிர்த்திக்கொண்டு பேசினால் நான் எதைத் திருத்துவது? என் புடவையையா, முகத்தையா? நான் கேட்ட கேள்விகள் சரியானவை. கங்கா கேள்வியே கேட்பதில்லை. போய் உட்கார்ந்து, "இன்னாத்த, வூட்ல இன்னா கொழம்பு?" என்பாள். அவ்வளவுதான்.

எங்களிடம் பன்னிரண்டு கேசட்டுகளே இருந்தன. பேச்சை நோட்டில் எழுதி முடித்ததும் பதிவேட்டில் டிக் அடித்துவிட்டால், அதே கேசட்டில் பழையதை அழித்து அடுத்ததைப் பதிவு செய்யலாம். பதிவேடு என் பொறுப்பு. சின்னப்பொண்ணுவின் பேச்சில் கங்கா ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. நான் டிக் அடித்தேன். மறுநாள் காலை, எழுத்து நடையோடு ஒப்பிட வானொலிச் செய்தியைப் பதிவு செய்யவேண்டி வந்தது. அதற்கு அந்தக் கேசட்டையே எடுத்தேன். செய்தி முடியும்வரை, சுற்றிக்கொண்டிருந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கங்காவுக்கு விஷயம் தெரிந்தபோது என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"வுடுங்கக்கா, தெரியாம நடந்துபோச்சி. அத்தையண்ட போயி இன்னொரு தபா கேட்டுக்கலாம். நீங்களும் வாங்க," என்றாள்.

சந்தேகப்படக்கூட என்னை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் பஸ் ஏறினேன்.

சின்னப்பொண்ணு வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கங்காவைப் பார்த்துச் சிரித்தவள், என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கங்கா டேப்பை ஓடவிட்டாள்.

"சம்பவம் நடந்த அன்று நான் மேற்படி மதகு அருகில் இருந்தேன்," என்றாள் சின்னப்பொண்ணு.

கங்கா சிரித்துவிட்டாள். "இன்னாத்த, மேற்படியாம்."

"டீச்சரம்மா வந்துகீறாங்களே, மருவாதியா சொல்ல வாணாமா?"

நான் எழுந்து தெருமுனைவரை நடந்துவிட்டு வந்திருக்கலாம். அது எனக்குத் தெரிந்தது. நான் வெறுமனே உட்கார்ந்திருந்தாலே போதும், கங்காவின் கேசட்டும் என்னுடையதைப் போல ஆகிவிடும் என்பதும் தெரிந்தது. உட்கார்ந்திருந்தேன். எதிரி, சம்பவ இடம், நேரில் கண்டேன் என்று சின்னப்பொண்ணு சொல்லிக்கொண்டே போனாள். கங்காவின் முகம் வாடிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க எனக்குச் சுகமாக இருந்தது.

"அத்த, கேசட்டு அழிஞ்சிபோச்சின்னு அக்கா ரெண்டு நாளா சரியா சாப்பிடல," என்றாள் கங்கா. "அவங்களுக்கோசரமாவது அன்னிக்கு மாதிரி சொல்லேன்."

நான் சாப்பிடாமல் இருந்தது உண்மை. அதை அவள் கவனித்திருக்கிறாள்.

"தானா அழியல," என்றேன். "நான்தான் அழிச்சேன். தெரிஞ்சே செஞ்சேன்."

கங்கா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள்.

"இன்னாடி சொன்ன?"

சொன்னதையே மறுபடி சொன்னேன்.

"கழனி வேலைய வுட்டுட்டு வந்து, ஈரப் பொடவையோட குந்திக்கினு சொன்னேன்டி. அத சொன்னா ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்காது, தெரியுமா? கோர்ட்டுல நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எழுதிக்கினான். இந்தப் பொண்ணுதான் முழுசா காது குடுத்து கேட்டுச்சி. அது உனக்குப் பொறுக்கல. பட்சவ தானே நீ? வவுத்தெரிச்சல எந்தப் பள்ளிக்கூடத்துல பட்ச?"

"அத்த, போதும்," என்றாள் கங்கா.

"நீ சும்மா இரு. இவ கேக்கட்டும். மதகுல கைய வச்சவன நான் பாத்தனா? பாத்தேன்டி. எப்டி பாத்தேன்? முட்டி தண்ணில நின்னுகினு, புல்லுக்கட்ட தலைல வச்சிகினு பாத்தேன். கட்ட கீழ போட்டிருந்தா ஓடிப்போயி தடுத்திருக்கலாம். போடல. புல்லு நனைஞ்சிபூடும்னு போடல. அத கோர்ட்டுலயும் சொல்லல, இவளாண்டயும் சொல்லல. உன்னாண்ட சொல்றேன். இதையும் அழிச்சிக்க, போ."

டேப் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவள் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. இந்த ஆய்வு தொடங்கியதிலிருந்து ஒருத்தி என்னிடம் முதுகை நிமிர்த்திக்கொள்ளாமல் பேசியது அன்றுதான். அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் அவள் நிறுத்திவிடக்கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கங்கா வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கேசட்டில் இருந்ததை நோட்டில் எழுதியது நான்தான். மதகில் ஆரம்பித்துப் புல்லுக்கட்டில் முடித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 'நான்தான் அழிச்சேன்' என்ற என் வாக்கியத்தையும் விடாமல் எழுதிப் பேராசிரியரின் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடம் கங்காவுக்குப் போனது. பதிவேடும் என்னிடமிருந்து போனது.

சில வாரம் கழித்து, புதிய பதிவேட்டில் கங்கா அந்தக் கேசட்டைப் பதிந்திருப்பதைப் பார்த்தேன். பேசியவர்: சின்னப்பொண்ணு. யாரிடம் பேசினார் என்ற இடத்தில், வழக்கம்போல, தன் பெயரை எழுதியிருந்தாள். அறையில் யாரும் இல்லை. பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டு, மேலே கனகம் என்று எழுதினேன்.