மந்திரி வண்டியின் பம்பர்

மழைக்காலத்தில் எங்கள் மேற்கு நேபாள மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால் செய்தியே இல்லை, கவிழாவிட்டால்தான் பேசிக்கொள்வோம். கால்சே வளைவில் ஒரு ஜீப் ஆளோடு ஆற்றில் விழுந்தபோது தன்சரி புன்னின் கணவன் கர்ணனும் போய்விட்டான்.

தசைன் பண்டிகை முடிந்ததும் காத்மாண்டுவிலிருந்து நிரௌலா என்ற பொறியாளர் வந்தார். விபத்தால் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெடுக்கிறாராம். என் டீக்கடையில் உட்கார்ந்து தன்சரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"வீட்டுக்காரர் மாசம் என்ன சம்பாதிச்சாருக்கா?"

"சோளம் போட்டாரு, எருமை மேய்ச்சாரு. வெளைஞ்சதை நாங்களே தின்னுட்டோம்."

"அப்ப வருமானம் இல்லைன்னு போட்டுக்கறேன்."

"அதே ஜீப்புல கத்தார்லேருந்து லீவுல வந்த பையன் செத்தானே?"

"அது நாட்டுக்குப் பெரிய நஷ்டம்க்கா."

"அப்ப என் வீட்டுக்காரர் செத்தது லாபமா சார்?"

நிரௌலா டீயை ஊதிக் குடித்தார். நல்ல மனுஷன்தான், மறைக்காமல் சொன்னார்: செத்தவர்களின் மதிப்பைவிடத் தடுப்புச்சுவருக்குச் செலவு அதிகம். இன்னும் பத்துப் பேர் போனால் கட்டுப்படியாகும்.

"அந்தப் பத்துப் பேர் யாருன்னு சொல்லிட்டுப் போங்க. அவங்களாவது நடந்து போகட்டும்" என்றாள் தன்சரி.

வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள் காலை, சாலை போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்களை வளைவின் விளிம்பில் வரிசையாக நிறுத்தினாள். பெண்கள் கல் சுமந்து நிரப்பினார்கள். சாலை அலுவலகத்து ஆள் வந்து, அனுமதியில்லாமல் வைத்தது தப்பு, உடனே எடுக்க வேண்டும் என்றான்.

"எடுத்துக்கோ தம்பி."

அசைத்துப் பார்த்தான். அகற்றுவதற்கு நிதி ஒதுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

குளிர்காலத்தில், சாலைப் பாதுகாப்பு வார விழாவுக்குப் போன மந்திரியின் வண்டி பனிமூட்டத்தில் வழுக்கி, டிரம்மில் மோதி நின்றது. மந்திரி இறங்கி ஆற்றை எட்டிப் பார்த்தார். பிறகு என் கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தார்.

மறுவாரம் அதே சாலை அலுவலகத்து ஆள் தன்சரியிடம் வந்தான். "அரசாங்க வண்டிக்குச் சேதம்க்கா. பம்பருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டணும்."

"பம்பரைக் கொண்டா. சிதையில வச்சு நானே கொள்ளி போடறேன்."

பணம் கட்டவில்லை. அவனும் திரும்ப வரவில்லை. அடுத்த மாதமே வளைவில் சுவர் எழும்பியது, மந்திரி பெயர் பொறித்த கல்வெட்டோடு. அதைத் திறந்துவைத்த அன்று தன்சரியும் பெண்களும் டிரம்களிலிருந்த கல்லைக் கொட்டிவிட்டு, அவற்றை மேலே அடுத்த வளைவுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டு ஒரு டிரம்மை உருட்டினேன்.