முப்பது நாள் சிரிப்பு

எங்கள் அலுவலக வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். காலை ஒன்பது மணிக்குள் அடையாள அட்டையைக் காட்டி, அன்றைக்கு நம் மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தை அமுக்க வேண்டும். மனசு ஒன்பது மணிக்குள் முடிவாகிற சமாச்சாரம் என்று கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற வேலை அவருக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நாங்கள் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி. போன் பிரிவில் நாலு பேர். சாதாரணப் புகாருக்குப் பச்சை விளக்கு எரியும். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் சிவப்பு. சிவப்பை எடுத்தால் மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிற வரைக்கும் வைக்கக் கூடாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிஷமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். அதுவரை நம்முடைய மற்ற போன்களைப் பக்கத்து சீட்டுக்காரர் எடுப்பார். கேட்காமலே எடுப்பார். எங்கள் பிரிவில் அது எழுதாத சட்டம்.

அழுகிற முகத்தை அமுக்கினால் ஊழியர் மனநல அதிகாரி கூப்பிடுவார். எதிர்ப்பட்டவரையெல்லாம் "சௌக்கியமா?" என்று கேட்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே சௌக்கியம். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் அறைக்குள் போனால் நாற்பது நிமிஷம் மூச்சை இழுத்து இழுத்து விட வேண்டும். ஒருமுறை ஒரு மெக்கானிக் அவசரத்தில் தப்பான முகத்தை அமுக்கிவிட்டார். அவர் உள்ளே மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, ஏழாவது மாடியில் ஒரு பல் டாக்டர் மூச்சு முட்டிப் போய் மாட்டிக்கொண்டிருந்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்த புண்ணியவதி நான்தான்.

நாம் அழுதால் நம் போன்கள் பக்கத்து சீட்டின் தலையில் விழும். அதனால் ஒருத்தர் மேல் ஒருத்தர் இரக்கப்பட்டு எல்லோரும் சிரிப்பையே அமுக்கினோம். மகிழ்ச்சியான பிரிவு என்று எங்களுக்குக் கேடயம் வேறு கொடுத்தார்கள். அதைத் துடைக்கிற வேலையும் எங்கள் தலையில்தான்.

என் பக்கத்து சீட்டுக்காரி பஞ்சு. குரலை வைத்து வந்த பெயர் அது. காயத்தின் மேல் வைத்தால்கூட வலிக்காது. சிவப்பு விளக்குக்கு அவளைப் போல் கெட்டிக்காரி கிடையாது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். ஐம்பது நிமிஷம் அவரோடு பேசினாள். அவருடைய முழங்கால் வலி, மருமகனின் முன்கோபம், கையில் வைத்திருந்த பல்பு சரியான அளவுதானா என்ற சந்தேகம், எல்லாம் பேசினார்கள். பிறகு அவர் பேசவில்லை. பஞ்சு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தமும், "ஐயா, ஐயா" என்று மெக்கானிக் எழுப்பிப் பார்த்த சத்தமும் அவள் காதில்தான் விழுந்தன. பெரியவர் இறந்து போயிருந்தார்.

அன்றிலிருந்து சிவப்பு எரிந்தால் அவள் கை நடுங்கும். காலையில் வந்ததும் நேராகக் கழிவறைக்குப் போய், முகத்தில் தண்ணீரை அடித்து அடித்து, ஒன்பது பத்துக்குத்தான் சீட்டுக்கு வருவாள். முகம் அமுக்காதவர்களை சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் பிடித்துக் கத்துவார். அதனால் அவள் அட்டையை நான் வாங்கி வைத்துக்கொண்டு, என் சிரிப்போடு அவள் சிரிப்பையும் சேர்த்து அமுக்கினேன். பெரிய உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

இதற்குள் ஜன்னலோரச் சீட்டு காலியானது. பராமரிப்புக்குத் தேதி கொடுக்கிற வேலை. சிவப்பு விளக்கே கிடையாது. பஞ்சு அதைக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அது கிடைக்காவிட்டால் அவள் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான். வீட்டில் சம்பாதிக்கிறவளோ அவள் ஒருத்தி.

முப்பதாம் நாள் பதினொரு மணிக்கு சௌக்கியம் அவளைக் கூப்பிட்டார். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"கிடைக்காதுக்கா. மனசு சரியில்லாதவங்களுக்குத்தான் முதல்ல கொடுப்பாங்களாம். என் முகம் முப்பது நாளும் சிரிச்சிருக்காம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் வரிசையாக முப்பது குரங்கு பிடித்திருக்கிறேன்.

"நீ என்ன சொன்னே?"

"சரிங்க சார்னேன்."

"சரிங்க சாரா! அமுக்கினது நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உங்களுக்கு மெமோ கொடுப்பாங்களே. பரவாயில்லக்கா."

அந்தப் 'பரவாயில்லக்கா'வில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டாமல் நுழைந்த என்னைப் பார்த்து சௌக்கியம், பழக்க தோஷம், "சௌக்கியமா?" என்றார்.

"அதெல்லாம் அப்புறம் சார். இவ சிரிப்பை அமுக்கினது நான். முப்பது நாளும் நானேதான்."

அவர் பேனாவை மூடினார். "அடுத்தவங்க அட்டையைப் பயன்படுத்துறது தப்பும்மா. மெமோ வரும்."

"வரட்டும். இவளுக்குச் சீட்டைக் கொடுங்க."

"பதிவானதை நான் மாத்த முடியாதே. இன்னையிலேர்ந்து இவங்களே அமுக்கட்டும். முப்பது நாள் கழிச்சுப் பார்க்கலாம்."

"இன்னும் முப்பது நாளா? பெட்டியைப் பார்த்தது போதும் சார், ஆளைப் பாருங்க. எதிர்லதானே நிக்கிறா?"

அவர் பஞ்சு பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்."

தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் கேட்கிற மாதிரியே அடித்துக்கொண்டேன். "ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா?"

"எழுதிக் கொடுத்தப்புறம்தான் தோணிச்சு. நான் ஜன்னலுக்குப் போயிட்டா என் எடத்துக்குப் புது ஆள் போட மாட்டாங்கக்கா. என் சிவப்பெல்லாம் உங்க தலையில விழும். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வேற இருக்கு."

"என் ரத்தம் கொதிக்கிறதே உன்னாலதான்! எனக்கு உபகாரம் பண்றேன்னு நீ தினமும் செத்துச் செத்துப் பிழைக்காதே. பக்கத்துல உட்கார்ந்து அதைப் பார்க்கிறதைவிட ஆயிரம் சிவப்பை நானே எடுத்துடுவேன்."

என் குரல் உடைந்துவிட்டது. கோபம் வந்தால் கூடவே அழுகையும் வருவது எனக்குப் பிறவிக் கோளாறு.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பஞ்சுவின் சீட்டில் சிவப்பு எரிந்தது. மற்ற இருவரும் போனில் இருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் கதவுக்கு ஓடிக் கைப்பிடியைப் பிடித்தாள். கை ஆடிய ஆட்டத்தில் கைப்பிடி கடகடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்தாள். அப்போதும் திறக்க முடியவில்லை.

சௌக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"விடுங்கம்மா. நீங்க எடுக்க வேணாம்," என்றார். "இனிமே எடுக்கவே வேணாம். இப்பவே ஜன்னலுக்குப் போயிடுங்க. மேல யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் போனை எடுத்தேன். நாலாவது மாடியில் ஒருவர், தன்னந்தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். ஆள் கிளம்பியாச்சு, கதவு திறக்கிற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அறையிலிருந்து சத்தம் வந்தது. பஞ்சுவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

லிஃப்ட்டுக்குள் இருந்தவருக்கும் அது கேட்டிருக்கிறது. "என்னம்மா அங்க? யாரோ அழற மாதிரி இருக்கே?"

"எங்க பொண்ணுதான் சார்," என்றேன். "அழட்டும். ஆறு வாரமாச் சிரிச்சிக்கிட்டே இருந்தவ."