மிளகுக்கு ஒரு செஸ் புத்தகம்

புத்தகக் கடையில் செஸ்ஸுக்கென்று ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. அதன் முன்னால் அவர் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபது வருஷ வேலை. எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். இந்தப் புத்தகங்கள் மட்டும் எதைத் திறந்தாலும் ஒரே மாதிரி இருந்தன. கட்டம், கட்டத்துக்குள் காய், பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தும் எண்ணும்.

"உங்க பொண்ணு என்னைத் தாண்டிட்டா," என்று பள்ளிக்கூடத்துச் செஸ் டீச்சர் போன வாரம் சொல்லியிருந்தார். "இனிமே என்கிட்ட சரக்கு இல்ல. வியூகம் பத்தி நல்ல புத்தகம் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஆனா பாத்து வாங்குங்க. பொருந்தாததைக் குடுத்தா, தெரிஞ்சதுகூடக் குழம்பிடும்."

அந்தக் கடைசிப் பேச்சால்தான் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் உடனே திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆள் பொடிசு, காரம் அதிகம், அதனால் வீட்டில் அவள் பெயர் மிளகு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஆட்டம் என்று தேர்வுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு ஆட்டங்களைச் சீக்கிரமே ஜெயித்துவிட்டாள். அடுத்த மூன்றும் டிரா. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதில் ஜெயித்தால் அணியில் இடம், இரண்டு வருஷத்துக்குப் பெரிய பயிற்சியாளர். டிரா என்றால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"எதிர்ல இருக்கிறவங்க டிரா கேட்டாங்கம்மா, குடுத்தேன்," என்பாள் மிளகு.

"கேட்டா குடுத்துடுவியா? நீ என்ன தர்ம சத்திரமாடி நடத்துறே?" என்பாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

கடைப் பெண் பக்கத்தில் வந்து, இருப்பதிலேயே தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "சார், இது நல்லா போகுது."

"படிச்சவங்க என்ன சொல்றாங்க?"

"படிக்கிறவங்க யாரும் வாங்கறதில்ல சார். பரிசு குடுக்கிறவங்கதான் வாங்குறாங்க." அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "இருங்க, எதிர்ல பல் டாக்டரம்மா இருக்காங்க. செஸ்ஸுன்னா அவங்களுக்குப் பைத்தியம். கூப்பிடுறேன்."

பல் டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடு வந்தார். "பத்து நிமிஷம்தான். ஒருத்தர் வாய் மரத்துப்போறதுக்குக் காத்திருக்கார். பொண்ணு எப்படி ஆடுவா?"

அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மிளகு தன் ஆட்டங்களை வரிசையாக எழுதி வைக்கும் நோட்டு. அவள் பையிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்தது.

டாக்டரம்மா நின்றபடியே படித்தார். உதடு அசைந்தது, விரல்கள் காற்றில் காய் நகர்த்தின. ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அடுத்த ஆட்டத்துக்குப் போனார். மறுபடி பின்னால் வந்தார்.

"இவளுக்கு வியூகமெல்லாம் நல்லா வருதே. இங்க பாருங்க, ஒரு யானை அதிகம் இவகிட்ட. ஜெயிச்ச ஆட்டம். நானே தூங்கிட்டு ஜெயிப்பேன். போய் டிரா கேட்டிருக்கா."

"இல்லைங்க, அந்தப் பொண்ணுதான் கேட்டுதாம்."

"யார் கேட்டாலும் ஒரு சமக்குறி போடணும். அது இவ நகர்த்தலுக்குப் பக்கத்துல இருக்கு. கேட்டது இவதான். மூணு ஆட்டத்துலயும். மூணும் ஜெயிக்க வேண்டியது. பக்கத்துல மணி வேற எழுதியிருக்கா. நாலு நாப்பது, நாலு நாப்பத்திரெண்டு, நாலு முப்பத்தெட்டு." டாக்டரம்மா நிமிர்ந்தார். "பயந்த பொண்ணா?"

"மிளகா? தெருநாயையே அதட்டி ஓரமா உட்கார வச்சுடுவா."

"அப்ப இவளுக்கு முடிக்கத்தான் தெரியல. ஜெயிக்கிற நிலைக்கு வந்தப்புறம் எப்படி முடிக்கிறதுன்னு ஒரு புத்தகம் இருக்கு. அந்தப் பச்சை அட்டை. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க," என்று சொல்லிவிட்டு மரத்த வாயைப் பார்க்கப் போனார்.

அவர் நோட்டில் அந்த மூன்று மணிகளையும் திரும்பப் பார்த்தார். போட்டி நடக்கும் கூடம் ஊரின் ஒரு கோடி, ஆஸ்பத்திரி மறுகோடி. ஆறு மணிக்கு அவர் ஷிஃப்ட். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்குத்தான். வழியில் வீட்டு ஸ்டாப்பில் மகளை இறக்கிவிட்டுத்தான் அவர் போக வேண்டும். இரண்டு தடவை தாமதமாகி, மூன்றாவது தடவைக்கு வேறு ஆள் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நாலரைக்கு மேல் அவர் கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். மகளைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தார். உள்ளே இருந்த மகள் என்ன பார்த்தாள் என்பது இப்போது புரிந்தது. கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஓர் அப்பா.

பச்சை அட்டையை வாங்கினார். வேறு எதை வாங்குவது? அவளுக்கு வேண்டியது எந்தத் தட்டிலும் இல்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும், சார்."

"ஏற்கனவே ரெண்டு பேர் லீவு. நீயும் போனா ஆபரேஷன் துணியை யார் துவைப்பா? நானா? என் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா."

வீட்டில் மிளகு புத்தகத்தின் தலைப்பைப் பார்த்தாள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தாள், மூடினாள். "இதெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா," என்றாள் மெதுவாக. அதை மேஜையில் வைத்துவிட்டு, "நோட்டை எடுத்தீங்களா?" என்றாள்.

"எடுத்தேன்."

அவர் நோட்டை அவளிடம் நீட்டினார். "இந்த ஞாயிறு லீவு போட்டுட்டேன். நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆடு."

"குடுத்துட்டாரா அந்தச் சிடுமூஞ்சி?"

"குடுக்காம என்ன பண்ணுவார்?"

அவள் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "சரிப்பா," என்றாள்.

ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, வேலை போனால் போகட்டும் என்று அவர் முடிவு கட்டித்தான் இருந்தார். ஞாயிறு காலையில் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். சாப்பாட்டுப் பையையும் எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊர் சுற்ற வந்தவர்போல நின்றார். நாலரை மணிக்கு மிளகு நிமிர்ந்தாள். அவர் சிரித்தார். ஆடு, ஆடு என்று தலையசைத்தார். அவள் குனிந்து ஒரு குதிரையை எடுத்து வைத்தாள். எதிரில் இருந்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது, ஜெயிக்கப் போகிறாள் என்று செஸ் தெரியாத அவருக்கே தெரிந்தது.

மிளகு மறுபடி நிமிர்ந்தாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, கழுத்தைப் பார்த்தாள். பிறகு எதிரில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் நம்ப முடியாமல் விழித்துவிட்டு, அவசரமாகக் கையை நீட்டினாள்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். "ஆடுறவங்ககிட்ட பேசக் கூடாதுங்க," என்று நடுவர் கையால் மறித்தார். "என் பொண்ணுங்க, அவசரப்பட்டுட்டா, ஒரு வார்த்தை..." என்றார். "அதெல்லாம் கைகுலுக்கியாச்சு," என்றார் நடுவர், பேனாவை மூடியபடி.

மிளகு பையோடு வெளியே வந்தாள்.

"ஏன்டா? லீவுன்னு சொன்னேனே. ஏன்டா இப்படிப் பண்ணே?"

அவள் எட்டி அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். உள்ளே ஆஸ்பத்திரிச் சீருடையின் நீலக் காலர் தெரிந்துகொண்டிருந்தது. அதை எப்போது போட்டோம் என்று அவருக்கு நினைவே இல்லை. வழக்கமாகப் போடுவதுதான், கை தானாகப் போட்டிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். முழுசாக நம்ப முடியவில்லை.

"வாங்கப்பா, பஸ் போயிடும்," என்றாள்.

இன்றைக்குப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இனி போகாமல் இருந்து என்ன ஆகப்போகிறது என்பதும் அதே நொடியில் தெரிந்தது. தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. மகளுக்கு முன்னால் அவர் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.