வரும்போது ஒன்றரை மணி நேரம்

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த மூஸாவுக்கு ஒரே மகள் பர்வின். கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்டு, இரட்டைப் பிள்ளையும் பெற்றுக்கொண்டு, "வாங்கத்தா" என்று தகப்பனை மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் மூஸாவுக்குக் கடையில் தலைக்கு மேல் வேலை வந்துவிடும். அது வேலை இல்லை, விமானப் பயம் என்று மனைவி லத்தீஃபாவுக்குத் தெரியும்.

இந்த முறை பர்வின் கேட்கவே இல்லை. டிக்கெட் எடுத்துச் செல்போனில் அனுப்பிவிட்டாள். மூஸா கண்ணாடி போட்டுப் படித்தார். திருச்சியில் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் கோலாலம்பூருக்கு மாலை மூன்று ஐம்பது. முகம் சுண்டிப்போயிற்று. திரும்பும் டிக்கெட்டைப் பார்த்ததும் மலர்ந்தது. அங்கே காலை ஏழரைக்கு ஏறினால் திருச்சிக்கு எட்டு ஐம்பத்தைந்து!

"பார்த்தியா? போறதுதான் கஷ்டம். வர்றது ஒன்றரை மணி நேரம்கூட இல்ல. நம்ம ஊர்லேர்ந்து தஞ்சாவூர் போற நேரம்!"

இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், எந்தப் பக்கம் பறந்தாலும் நாலு மணி நேரம்தான், அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று பர்வின் முன்பே உம்மாவிடம் சொல்லியிருந்தாள். லத்தீஃபா வாயைத் திறந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"அதெப்படிண்ணே?" என்று மறுநாள் கடைத்தெருவில் பக்கத்துக் கடை அப்துல் மஜீது கேட்டார்.

"போறப்ப எதிர்காத்து. வர்றப்ப காத்தே தள்ளிட்டு வந்துடும். ஆடி மாசம் நீ சைக்கிள் மிதிச்சதில்லையா?"

போகும்போது மூஸா கண்ணை இறுக மூடி ஓத ஆரம்பித்தவர், சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் திறந்தார். பேரன்களோடு பத்து நாள் பறந்துபோயிற்று.

திரும்பும்போது தெம்பாக ஜன்னலோரம் உட்கார்ந்தார். மருமகன் அங்கே வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தில் ஒன்பது ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டார். ஒன்பது பத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, இன்னும் கடலா இருக்கு? திருச்சியைத் தாண்டிட்டானா?"

பணிப்பெண்ணைக் கூப்பிடப் போன கையை லத்தீஃபா பிடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நான் கடைத்தெரு பூரா காத்தைப் பத்திப் பாடம் எடுத்தப்பவுமா?"

"நல்லாத்தான் எடுத்தீங்க. மஜீது தம்பி அதையே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கிளம்பியிருப்பீங்களா?"

மூஸா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றரை மணி நேரமாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பறந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோபம் பாதியாகக் குறைந்தது.

திடீரென்று விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. லத்தீஃபா அவர் கையை இறுகப் பற்றினாள். அவளுக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். அவர் பயத்தைப் பார்த்துக்கொண்டதில் தன் பயத்துக்கு இதுவரை நேரமே கிடைக்கவில்லை.

"என்ன, பயமா?" மூஸாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"யாருக்கு?"

"என் கையில நகம் பதியுது."

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"இன்னும் ரெண்டே கால் மணி நேரம்தான். பிடிச்சுக்க," என்றார்.

லத்தீஃபா பிடித்துக்கொண்டாள்.